கிட்டங்கிச் சுவர்

மாம்புரி,
08 நவம்பர் 2023

அன்புள்ள அஸ்ஹான் நானாவுக்கு,

தங்கச்சி மபாஸாவின் ஸலாம். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா? எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. தொழுகிறேன், சாப்பிடுகிறேன், படுக்கிறேன்.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று யோசிப்பீர்கள். என் போனை மாமி வாங்கித் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டா. கணவர் மவுத்தாகி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிற பொம்பிளை அந்நிய ஆணின் முகத்தைப் பார்க்கக்கூடாது, குரலும் காதில் விழக்கூடாது என்கிறா. என் கூடப்பிறந்த நானாவோடுதானே கதைக்கப் போகிறேன் என்றேன். "போனுக்குள்ள ஆரு எவரெண்டு சொல்லேலுமா மகள்?" என்றா. அதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பு இல்லை. காலையில் இடியப்பம் கொண்டுவரும் பக்கத்து வீட்டு றிஸ்மினா இதைத் தபாலில் போடுவாள். நீங்களும் அவளுடைய விலாசத்துக்கே எழுதுங்கள்.

இந்த வீட்டை நீங்கள் அறிவீர்கள். என் கணவர் றஸ்மியின் பாட்டன் காலத்தில் இது உப்புக் கிட்டங்கி. முன்பாதியை வீடாக்கிவிட்டு, பின்பாதியை அப்படியே விட்டுவிட்டார்கள். என் அறைக்கும் கிட்டங்கிக்கும் நடுவில் நிற்பது அந்தப் பழைய தடித்த சுவர்தான். மழை தொடங்கியதில் இருந்து அது வியர்க்கிறது. காலையில் எழும்பிப் பார்த்தால் உப்புப் பூத்து வெள்ளையாக நிற்கிறது. துடைக்கிறேன், மறுநாள் திரும்பப் பூக்கிறது. யன்னல்களை எல்லாம் மாமி வெள்ளைத் துணி தைத்து மூடிவிட்டா. உடுத்தியிருப்பதும் வெள்ளை. பாங்கு கேட்டால்தான் எனக்குப் பொழுது விளங்குகிறது. கிட்டங்கிக்குள் றஸ்மியின் வலையும் எஞ்சினும் கிடக்கின்றன. கிட்டங்கிப் பூட்டின் திறப்பு மாமியின் இடுப்பில் இருக்கிறது.

போன கிழமை பொலிஸ்காரர்கள் வந்தார்கள். றஸ்மி அக்கரையில் இருந்து களவாகப் பீடி இலை ஏற்றிக்கொண்டு வந்து, காற்றில் படகு கவிழ்ந்த அந்த வழக்குத்தான். மாமி வாசலில் நின்று, "என்ட மகன் மவுத்தாகிட்டான். மருமகள் இத்தாவில இரிக்கிறா, பாருங்க" என்று திரையைக் காட்டினா. திரைக்குக் கீழே என் வெள்ளைச் சேலையின் கரையைக் கண்டதும் அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டார்கள். ஆள் இல்லாவிட்டால் வழக்கும் இல்லை என்கிறா மாமி. பிடித்து வைத்திருந்த உங்கள் வான் வண்டியையும் விட்டுவிட்டார்கள் என்று றிஸ்மினா சொன்னாள். அந்த மட்டில் நல்லது.

நானா, ஒன்று கேட்கவேண்டும். கரையில் ஒதுங்கிய உடலை, அவருடைய மையத்தை, நீங்களும் மாமியும் மட்டுமே ஆஸ்பத்திரியில் பார்த்தீர்கள். பெட்டியைத் திறக்கும் நிலையில் இல்லை என்று எனக்கு வந்து சொன்னதும் நீங்கள்தான். அவருடைய முகம் எப்படி இருந்தது? வலித்த முகமா, தூங்கின முகமா? அது தெரிந்தால் எனக்கு நித்திரை வரும்.

உங்கள் துஆவில் எனக்கும் ஓர் இடம் வையுங்கள்.

மபாஸா


கொழும்பு,
17 நவம்பர் 2023

அன்புத் தங்கச்சி மபாஸாவுக்கு,

உன் மீது அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். நாங்கள் எல்லோரும் சுகம். சின்னவனுக்கு மட்டும் தடிமன்.

உன் கடிதம் கிடைத்தது. மையத்தின் குறைகளை வெளியே சொல்லக்கூடாது என்பது மார்க்கம். அதனால் முகத்தைப் பற்றி என்னிடம் கேட்காதே. நல்ல மனிதர், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார் என்று மனதில் வைத்துக்கொள்.

மாமி சொல்வதைக் கேட்டு நட. சபூராக, பொறுமையாக இரு. இத்தாவை ஒரு குறையும் இல்லாமல் முடித்துக் கொடு. இப்போது றஸ்மிக்கு நீ செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். கடையில் வேலை கூட. வரக் கிடைத்தால் வருவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் நானா அஸ்ஹான்


மாம்புரி,
24 நவம்பர் 2023

அன்பு நானாவுக்கு,

ஸலாம். சின்னவனின் தடிமன் விட்டதா? கொத்தமல்லி அவித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நான் சுகம். முன்னைவிட சுகம் என்றே எழுதலாம், காரணத்தைச் சொன்னால் உங்களுக்குப் பயம் வரும்.

பகல் லுஹர் தொழுதபின் மாமி சற்றுப் படுப்பா. அந்த நேரத்தில் கிட்டங்கிப் பக்கமிருந்து சத்தம் வருகிறது. முதலில் ஓர் இருமல். இன்னொரு நாள் ஏதோ இழுபடும் ஓசை. எலி என்று நினைத்தேன். எலி இருமுமா? மாமியிடம் கேட்டதும் அவ முகம் கறுத்துப் போனது. பிறகு என் தலையைத் தடவி, "நாப்பது கழியும் வரைக்கும் றூஹு ஊட்டச் சுத்தும் மகள். அவன்ட சாமான் அங்கதானே கிடக்கு. நீங்க யாஸீன் ஓதுங்க" என்றா. அப்படித்தான் ஊரிலும் சொல்வார்கள்.

நானா, எனக்குப் பயம் வரவில்லை. சந்தோசம்தான் வந்தது. அவர் கடைசியாகப் போன அன்று எங்களுக்குள் சண்டை. "இந்தத் தொழிலுக்குப் போறதெண்டா இந்த ஊட்டுக்கு வராதீங்க" என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் வரவில்லை. அதை நினைத்து நினைத்து நான் எப்படி வெந்துபோய் இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. இப்போது தினமும் லுஹருக்குப் பிறகு சுவரோடு பாயைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். யாஸீன் ஓதி முடித்து அவரோடு கதைக்கிறேன். அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்கிறேன். அழுதால் நன்றாக அழுகிறேன். நான் அழும்போது அந்தப் பக்கம் சத்தம் எல்லாம் நின்றுவிடுகிறது. கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தங்கச்சிக்கு மண்டை கழன்றுவிட்டது என்று மதினியிடம் சொல்லிவிடாதீர்கள். இதை உங்களுக்கு மட்டுமே எழுதுகிறேன். மாமிக்குக்கூட நான் சுவரோடு கதைப்பது தெரியாது.

நீங்கள் என் கூடப்பிறந்தவர், இத்தாவில் இருந்தாலும் உங்கள் முகத்தைப் பார்க்கத் தடையில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வந்து போங்கள்.

உங்கள் மபாஸா


கொழும்பு,
29 நவம்பர் 2023

தங்கச்சிக்கு ஸலாம்.

இங்கே எல்லோரும் சுகம். நீ தனியாக இருந்து யோசிப்பதால் இப்படியெல்லாம் கேட்கிறது. பழைய கட்டடம், கடற்காற்று, சத்தம் இல்லாமல் இருக்குமா? சுவரோடு கதைப்பது நல்ல பழக்கம் இல்லை. இனி அந்தப் பக்கம் உட்காராதே.

நாற்பதாம் நாள் ஓதும் கத்தத்துக்கு என்னால் வர முடியாது. வான் திருத்தக் கொடுத்திருக்கிறேன்.

உடம்பைக் கவனி.

அஸ்ஹான்


மாம்புரி,
09 டிசம்பர் 2023

அன்பு நானாவுக்கு,

ஸலாம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குத் தலையிடி. வெயில் படாததாக இருக்கும்.

உங்கள் கடிதம் கிடைப்பதற்கு முதல் நாள் மாமி என் கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டுவிட்டா. "அந்தச் சுவர்ல ஈரம், சளி புடிக்கும். சும்மா சுவரோட கதச்சிக்கிட்டு இரிக்காதீங்க" என்றா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரோடு கதைப்பதை நான் உங்களுக்கு மட்டும்தானே எழுதினேன்? றிஸ்மினாவுக்கும் சொல்லவில்லையே. மாமிக்குக் கனவில் வந்ததாக்கும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் சொல்லியிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள், கோபிக்க மாட்டேன்.

அதைவிடப் பெரிய விசயம் நாற்பதாம் நாள் நடந்தது. பள்ளிவாசல் லெப்பையும் ஊர் ஆண்களும் முன் விறாந்தையில் இருந்து ஓதினார்கள். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். துஆவில் மவுத்தானவரின் பெயர் வருமே, அந்த இடத்துக்காகக் கையேந்திக் காத்துக்கொண்டிருந்தேன். லெப்பை, "மர்ஹூம் ஹாசிம் அவர்களின் கப்றை விசாலமாக்குவாயாக" என்றார். ஹாசிம் என்பது றஸ்மியின் வாப்பா. அவர் மவுத்தாகி எத்தனையோ வருசம். றஸ்மியின் பெயர் பிறகு வரும் என்று பார்த்தேன். கடைசி வரைக்கும் வரவில்லை. ஆமீன் சொல்லி முடித்துவிட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.

மாமியிடம் கேட்டேன். "லெப்பைக்கு வயசு போச்சி மகள், மாறிச் சொல்லிட்டார்" என்றா. என் மனம் ஆறவில்லை. றிஸ்மினாவின் வாப்பாவை அனுப்பி லெப்பையிடம் விசாரித்தேன். அவர் மாறிச் சொல்லவில்லையாம். மாமியே கூப்பிட்டு, கணவருக்கு மட்டும் ஓதினால் போதும், மகனின் பெயரை எடுக்கவே வேண்டாம் என்று கெஞ்சினாவாம். பெற்ற வயிறு தாங்கவில்லை என்று லெப்பை இரங்கிவிட்டார்.

அடக்கத்துக்கு முன் ஜனாஸாத் தொழுகை நடந்த அன்றும் மாமி காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் கிடந்தது ஞாபகம் வருகிறது. கவலையில் என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன்.

நானா, எந்தத் தாய் தன் மகனின் கத்தத்தில் அவன் பெயரைச் சொல்லவேண்டாம் என்பா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

மபாஸா


மாம்புரி,
30 டிசம்பர் 2023

நானாவுக்கு,

ஸலாம். மூன்று கிழமையாகப் பதில் இல்லை. கடையில் வேலை கூட என்று நானே சொல்லிக்கொள்கிறேன். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, வீடு கலகலப்பாக இருக்கும்.

மாமி தினமும் பூனைக்கு என்று ஒரு கோப்பையில் சோறு எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகிறா. இரண்டு பொம்பிளைகள் இருக்கிற வீட்டில் ஓர் ஆண்பிள்ளை சாப்பிடும் சோறு கூடுதலாகப் போகிறது. சமைப்பது நான், எனக்குத் தெரியாதா? போன புதன்கிழமை மாமி குளிக்கப் போன நேரம் பழைய அறைக்குள் போய்ச் சுவரில் காதை வைத்தேன். சோற்றுக் கோப்பை நிலத்தில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. பிறகு விரல் சொடுக்கும் சத்தம். றஸ்மி சாப்பிட்டு முடிந்தால் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொடுக்குவார். எனக்கு அது பிடிக்காது, எத்தனை தரம் சண்டை பிடித்திருக்கிறேன். றூஹுக்குச் சொடுக்குவதற்கு எலும்பு ஏது, நானா?

நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. காது பொய் சொல்லலாம் என்று இன்னும் ஒரு பக்கம் நினைத்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் நேற்று ஒரு பொம்பிளை வந்தா.

உடப்பில் இருந்து வந்து இங்கே கரைவலை இழுக்கிறவர்கள் தங்கும் வாடி உங்களுக்குத் தெரியும்தானே. அங்கே சமைக்கிறவ, ஞானேஸ்வரி என்று பெயர். அவவுடைய கணவர் மார்க்கண்டு, றஸ்மியின் படகு கவிழ்ந்த அதே காற்றில், மாட்டிக்கொண்ட வலையை எடுக்கச் சின்னத் தோணியில் போனவர். தோணி வந்தது, ஆள் வரவில்லை. அந்தக் கிழமை கரையில் ஒதுங்கியது ஒரே ஒரு உடல்தான், அது மாம்புரி றஸ்மியுடையது என்று பொலிஸில் சொல்லிவிட்டார்களாம். வீடு வீடாக விசாரித்துக்கொண்டு கடைசியில் என்னிடம் வந்திருக்கிறா. பொம்பிளை என்றதால் மாமியால் தடுக்க முடியவில்லை. பக்கத்திலேயே நின்றா.

நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, கையில் அந்த மனிதரின் படம். என் வெள்ளையைப் பார்த்துத் தன் கவலையை மறந்துவிட்டா. என் கையைப் பிடித்து, "உங்களுக்கு அடக்கம் பண்ண ஒரு உடம்பாவது கெடச்சிச்சு தங்கச்சி. எனக்கு அழுவுறதா தேடுறதா எண்டே தெரியல. பொட்ட வச்சா ஊர் ஏசுது, அழிச்சா பிள்ளைகள் கத்துதுகள்" என்றா. நான் மாமியைத் திரும்பிப் பார்த்தேன். மாமி குசினிக்குள் போய்விட்டா. உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது.

நானா, அந்தப் பெட்டிக்குள் யார் இருந்தார்?

மபாஸா


கொழும்பு,
08 ஜனவரி 2024

தங்கச்சிக்கு ஸலாம்.

சுணங்கிப் போனதற்குக் குறை நினைக்காதே. மதினிக்குப் பிரசர் கூடி ஆஸ்பத்திரியில் இருந்து வந்தா.

பிறத்தி ஆட்களை வீட்டுக்குள் எடுக்காதே. உடப்பு ஆட்களின் கஷ்டத்துக்கு நாம் பொறுப்பு இல்லை. கடலில் போனவர்களைக் கடல்தான் அறியும். நீ நினைப்பதை எல்லாம் எழுத்தில் எழுதாதே, யாராவது பார்த்தால் வீணான கதை. இத்தா முடியும்வரை வாயைத் திறக்காமல் இரு. அதன்பின் உன்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். சல்வார் துணி இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

அஸ்ஹான்


மாம்புரி,
16 ஜனவரி 2024

அன்புள்ள நானாவுக்கு,

ஸலாம். மதினிக்கு இப்போது எப்படி? உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் சொன்னது சரி, தனிமையில் என் புத்தி கண்டபடி அலைந்துவிட்டது. இனி அந்தக் கதையை எடுக்க மாட்டேன்.

ஒரு நல்ல விசயம். பாலாவியில் றிஸ்மினாவின் ஒன்றுவிட்ட நானா ஒருவர் இருக்கிறார். மனைவி மவுத்தாகி ஒரு பெண்பிள்ளையோடு இருக்கிறார். பள்ளிவாசல் ஆள், குடி சிகரட் ஒன்றும் இல்லை. இத்தாவில் இருப்பதால் நேராகக் கேட்காமல் ஜாடையாகக் கேட்டுவிட்டிருக்கிறார்கள். எனக்கும் வயது போகவில்லை, பிள்ளையும் இல்லை. இத்தா முடிந்து நோன்புக்கு முன் நிக்காஹ்வை முடிக்கலாம் என்கிறார்கள். வாப்பா இல்லாதபடியால் என் சார்பில் நின்று கட்டிக் கொடுக்கிற வலி நீங்கள்தான். நீங்கள் என் கையைப் பிடித்துக் கொடுக்காமல் நிக்காஹ் செல்லாது. சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

உங்கள் தங்கச்சி மபாஸா


கொழும்பு,
19 ஜனவரி 2024

மபாஸா,

ஸலாம். கடிதம் கிடைத்த உடனே எழுதுகிறேன். வேறு என்ன வேண்டுமானாலும் கேள். இது மட்டும் வேண்டாம். ஏன் என்று கேட்காதே. அந்த ஆட்களுக்கு இல்லை என்று இன்றைக்கே சொல்லி அனுப்பு. அந்தப் பாவத்துக்கு என்னை வலியாக நிற்கச் சொல்லாதே. நாளை மறுமையில் என்னால் பதில் சொல்ல முடியாது.

அஸ்ஹான்


மாம்புரி, றிஸ்மினா வீடு,
02 பெப்ரவரி 2024

நானாவுக்கு,

ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன். இதை வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாலாவியில் அப்படி ஒரு மாப்பிள்ளை இல்லை. நானே உண்டாக்கினேன். கணவரை இழந்தவள் இத்தா முடித்து இன்னொருவரைக் கட்டுவது எப்போதிருந்து பாவமாகப் போனது? கணவன் உயிரோடு இருக்கிறவளைக் கட்டிக் கொடுத்தால்தான் பாவம். பொலிஸுக்குப் பொய் சொன்னீர்கள், ஆஸ்பத்திரியில் சொன்னீர்கள், ஊருக்கும் எனக்கும் சொன்னீர்கள். அல்லாஹ்விடம் மட்டும் உங்கள் நாக்கு எழும்பவில்லை. மாமிக்கும் அப்படித்தான், உயிரோடு இருக்கிற மகனுக்குக் கத்தம் ஓத அவவால் முடியவில்லை. நீங்கள் இரண்டு பேரும் இன்னும் கொஞ்சம் ஈமான் குறைந்தவர்களாக இருந்திருந்தால் நான் சாகும் வரைக்கும் நம்பிக்கொண்டே இருந்திருப்பேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே கிட்டங்கியை உடைத்திருக்கலாம். எனக்குக் கை வரவில்லை. அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்கவேண்டும் என்று பட்டது. நாலு வருசம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறோம். போன செவ்வாய் லுஹருக்குப் பிறகு மாமி படுத்திருந்த நேரம் சுவரோடு போய் உட்கார்ந்தேன்.

"நீங்க இரிக்கிறது எனக்குத் தெரியும்" என்றேன். "நான் அழுதது எல்லாம் கேட்டீங்களா?" என்றேன். "மையவாடியில கிடக்கிறது உடப்பு மனுசன். அவர்ட பொஞ்சாதி கரையில நிண்டு தேடுறா. நீங்க வெளிய வாங்க. வழக்க நாங்க ரெண்டு பேரும் சேந்து பாப்பம். மறியலுக்குப் போனா நான் வந்து பாக்கிறன்" என்றேன். நான் மனதாரச் சொன்னேன், நானா. அவர் வெளியே வந்திருந்தால் எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன்.

அப்போதுதான் அவருடைய குரல் வந்தது. சுவரின் அடியில், தண்ணீர் போக விட்ட ஓட்டை வழியாக, மெதுவாக.

"மபாஸா, இன்னும் கொஞ்ச நாளைக்கு அழு. இத்தா முடியட்டும், நான் அக்கரைக்குப் போயிருவன். நீ அழுறத நிப்பாட்டினா ஊர் சந்தேகப்படும்."

அவ்வளவுதான். என் பெயரை அவர் வாயால் கேட்க எத்தனை நாள் தவித்திருப்பேன்! கேட்டதும் சுவரை விட்டு எழும்பிவிட்டேன். நான் மன்னிப்புக் கேட்டு அழுத ஒவ்வொரு நாளும் அவர் அந்தப் பக்கம் இருந்து, அழுகை போதுமா போதாதா என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அஸர் பாங்கு சொன்னது. தொழுதேன். முன் கதவைத் திறந்துகொண்டு வெளியே இறங்கினேன். மாமி பின்னால் ஓடிவந்து முந்தானையைப் பிடித்து, "மகள், இத்தாவில ரோட்டுக்கு இறங்காதீங்க, அல்லாஹ்க்குப் பயப்படுங்க" என்றா. "என்ட புருசன் மவுத்தாகல்ல மாமி. எனக்கு இத்தா இல்ல" என்றேன். அவவின் கை தானாக விட்டுவிட்டது.

வெள்ளையோடு நடந்தேன். சந்தியில் நின்ற ஆண்கள் என்னைக் கண்டதும் திடுக்கிட்டு, இத்தாப் பொம்பிளையைப் பார்க்கக்கூடாது என்று ஒவ்வொருவராகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி வேலியைப் பார்த்து நின்றார். கடற்கரை வரைக்கும் முதுகுகள்தான். ஊர் எனக்குத் தந்த அந்த மரியாதை எனக்கு உரியது இல்லை என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டே போனேன்.

வாடியில் ஞானேஸ்வரி அக்கா கருவாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டு இருந்தா. "அக்கா, நாங்க அடக்கினது எங்கட ஆள் இல்ல" என்றேன். அவ கத்தியை வைத்தா. கையைக் கழுவினா, செதில் போகும்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினா. பிறகு எழும்பி, "எந்தப் பக்கம் தங்கச்சி வச்சிரிக்கிறீங்க?" என்று கேட்டா.

வாடி ஆட்கள் அன்றைக்கே பொலிஸுக்குப் போனார்கள். இருட்டுவதற்குள் கிட்டங்கியைத் திறந்து றஸ்மியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தாடி வளர்ந்து, வெயில் காணாமல் வெளிறி, சுவரில் பூக்கிற உப்பின் நிறத்தில் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

நீங்கள் ஏன் இதைச் செய்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. வான் யாருடையது, அதில் என்ன ஏற்றினார்கள் என்று எனக்கு விளங்காமல் இல்லை.

மபாஸா


மாம்புரி, றிஸ்மினா வீடு,
05 மார்ச் 2024

நானாவுக்கு,

ஸலாம். உங்களிடம் இருந்து கடிதம் இல்லை. மதினி போன் எடுத்து அழுதா, நீங்கள் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சொன்னா. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நோன்புக்கு முன் உங்களுக்கு இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

நீதவானின் உத்தரவோடு கப்றைத் தோண்டினார்கள். மார்க்கண்டுவின் தொடையில் முன்பு முறிவுக்கு வைத்த இரும்புத் தகடு இருந்தது. அதை வைத்தே நிச்சயப்படுத்தினார்கள். நம் ஊர் ஆண்கள் பள்ளிவாசலில் இருந்து மையத்தைச் சுமக்கும் சந்தூக்கைக் கொண்டுவந்து கொடுத்து, மையவாடி வாசல் வரை தோளில் சுமந்து வந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. லெப்பை கேவிக் கேவி அழுதார்.

மாமி தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டா. போகும்போது என்னைப் பார்த்து, "நீயும் ஒரு பிள்ளையப் பெத்திருந்தா விளங்கியிரிக்கும்" என்றா. இருக்கலாம். அவ மேல் எனக்குக் கோபம் இல்லை. காழியிடம் விவாகத்தை முறிக்க மனுக் கொடுத்திருக்கிறேன். அதற்கு வலி தேவையில்லை, நீங்கள் வரவேண்டாம்.

லெப்பை வெள்ளையைக் கழற்றச் சொன்னார். கழற்றிவிட்டு றிஸ்மினாவின் பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டு உடப்பு ஆட்களை வழியனுப்பப் போனேன். பெட்டியை லொறியில் ஏற்றும் வரைக்கும் ஞானேஸ்வரி அக்கா என் கையை விடவில்லை. பொட்டு இல்லாத நெற்றியோடு நின்றா. எனக்கு அவ முகத்தைப் பார்க்க வெட்கம். "அக்கா, நான் அழுததெல்லாம் வீணாப் போச்சு. பொய்க்கு அழுதிரிக்கன்" என்றேன்.

அவ தலையை ஆட்டினா. "இல்ல தங்கச்சி. அந்தக் குழிக்குள்ள கெடந்தது எங்க ஆளுதான். நான் வருவாரு வருவாருண்டு கரையில நிண்டப்போ நீங்கதான் அவருக்கு அழுதிரிக்கிறீங்க. அழ ஆளில்லாம அவர் கெடக்கல்ல."

அதைக் கேட்டதும் அவவின் தோளில் சாய்ந்து, நான் முகமே பார்த்திராத மார்க்கண்டு என்ற மனிதருக்காக அழுதேன். இந்த நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் யாருக்காக அழுகிறேன் என்று தெரிந்து அழுதேன்.

கடைசியாக ஒன்று. நேற்று என்னிடம் வாக்குமூலம் எடுத்தபோது, உடலை அடையாளம் காட்டியவர்கள் யார் என்று கேட்டார்கள். மாமியின் பெயரைச் சொன்னேன். உங்கள் பெயரையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். இன்றோ நாளையோ உங்களைத் தேடி வருவார்கள்.

வந்தால் ஒளியாதீர்கள், நானா. கதவைத் திறந்து நீங்களே வெளியே போங்கள். ஒளிந்திருக்கிற மனிதனோடு ஒரு வீட்டில் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அதை மதினிக்குச் செய்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
மபாஸா